எங்கள் தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

கடைக்காரம்மாவின் போனுக்குப் பூட்டு உண்டு. கறுத்த நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம். எண்களைச் சுழற்றுகிற வட்டத்தின் ஒரு ஓட்டையில் சின்னப் பித்தளைப் பூட்டு எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் சாவி கடைக்காரம்மாவின் தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு ஊக்காகக் கிடக்கும். வெளியிலிருந்து வருகிற போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம். இங்கிருந்து அடித்துப் பேச முடியாது. அதைக் கஞ்சத்தனம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. நான் சொன்னதில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அப்போது இருந்ததே அந்த ஒரு போன்தான். பொட்டுக்கடலை டப்பாவுக்கும் தராசுக்கும் நடுவில், மடித்துப் போட்ட சாக்கின் மேல், குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி அதை வைத்திருப்பார். மேலே ஒரு பூப்போட்ட துணி. பருப்புத் தூசி படக்கூடாது என்று அந்தத் துணி. ஆனால் மணி அடித்தால் துணி லேசாக நடுங்கும், எங்களுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாலும் கீழே ஒரே நம்பர்தான் அச்சடித்திருக்கும். பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் மட்டும். 'இது எங்கள் போன் இல்லை, கூப்பிட்டு விட்டால் வந்து பேசுவோம்' என்பதற்கு அது அடையாளம் என்று மட்டும் புரிந்து வைத்திருந்தேன். பத்திரிகையில் நம்பர் போட்ட மரியாதைக்காக முதல் தாம்பூலம் கடைக்காரம்மாவுக்குத்தான் வரும். யார் கல்யாணத்துக்கும் அவர் போக மாட்டார். கடையை விட்டுப் போனால் போனை யார் எடுப்பது என்பார்.

போன் வந்தால் அவர் கடையின் படியில் நின்று, வேப்பமரத்தடியில் துணி தேய்க்கிறவரைப் பார்த்துப் பெயரை ஒரு கத்து கத்துவார். தேய்க்கிறவர் அதைக் குழாயடிக்கு அனுப்புவார். குழாயடிப் பெண்கள் சந்துக்குள் அனுப்புவார்கள். இப்படி வாய்க்கு வாய் மாறி என் பெயர் என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது, எனக்குப் போன் வந்திருப்பது எனக்கு முன்னால் தெருவுக்கே தெரிந்திருக்கும். நான் ஓடி வருகிற வழியெல்லாம் யாரு, இன்னா விஷயம் என்று கேட்பார்கள். போனை எடுப்பதற்கு முன்னாலேயே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கடையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தராசு பாதியில் நிற்கும். வெளியூர் போன் என்றால் தொண்டை கிழியக் கத்திப் பேச வேண்டும், ரகசியம் என்று ஒன்றும் இருக்காது. பேசி முடித்து வெறுங்கையோடு படி இறங்கக் கூடாது என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு கட்டிக் கற்பூரமோ, ஒரு பொட்டலம் மஞ்சள்தூளோ வாங்கிக்கொண்டு இறங்குவோம். போன் நிறைய வருகிற வீட்டில் கற்பூர வாசனை தூக்கும்.

நான் காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கரி இறக்கினவர்; நெஞ்சில் கரி சேர்ந்து சீக்கிரம் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளையும் இறால்தான் வளர்த்தது. அந்த வாசனை லேசில் போகாது. வீட்டு மாடத்தில் எலுமிச்சம்பழத் தோல் வைத்திருப்பேன். போன் என்று குரல் வந்ததும் அதைக் கையில் தேய்த்துக்கொண்டேதான் ஓடுவேன். நான் வைத்த போனை அடுத்து எடுக்கிறவர் மூக்கைச் சுருக்கக் கூடாது. நான் யார் முன்னாலும் கை கட்டி நின்றவள் இல்லை. நாற்றம் பிடித்த கை என்று ஒரு சொல் என் காதில் விழ விட்டதுமில்லை.

கெட்ட சேதிக்கு மட்டும் கடைக்காரம்மா கத்த மாட்டார். செத்துப்போன சேதியை நாலு வாய் வழியாக அனுப்பக் கூடாது என்பது அவர் கணக்கு. கல்லாவை மூடிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே நடந்து வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல உயரம். அவர் கடையை விட்டு இறங்கி நடக்கிறார் என்றால் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தாண்டிப் போனால்தான் மூச்சு வரும். ஒரு தரம் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு, கொடுக்கலாம் என்று ஆசையாகத் தெருவுக்குள் வந்துவிட்டார். முதல் வீட்டுக்காரி அவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, ஊரில் இருக்கிற தன் அப்பன் பெயரைச் சொல்லி ஒப்பாரியே வைத்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி துணைக்கு அழுதாள். இவர் தூக்கை வைத்துக்கொண்டு, கூழுட்டீ, கூழு என்று கத்தினது யார் காதிலும் விழவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவில் சும்மா நடந்ததே இல்லை. கோயிலுக்குப் போவதென்றால்கூடப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். ஊருக்கு ஒரு போன் வைத்துக்கொண்டு, தன் தெருவில் நடக்கிற உரிமையை அந்த அம்மா இழந்தார்.

என் பெரியவன் ஒரு பட்டறையில் பிட்டருக்கு எடுபிடியாக இருந்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் அப்போது ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். யாரோ ஒரு ஏஜெண்டு பம்பாய்க்குக் கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான். கப்பலில் சங்கிலி இழுக்கிற, தளம் கழுவுகிற வேலை. போகிற அன்றைக்குக் காலையில் கடைக்காரம்மா அவனைக் கல்லா முன்னால் நிறுத்தி, போன் நம்பரை வாய்ப்பாடு மாதிரி சொல்லச் சொன்னார். முன்னாலிருந்து சொன்னான், பின்னாலிருந்தும் சொன்னான். கடிதம் எழுதாதே என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கையெழுத்து எனக்குப் பிடிபடாது; என் பிள்ளை எனக்கு எழுதினதை இன்னொருத்தர் வாயால் நான் கேட்டுக்கொள்ள மாட்டேன். போன் பண்ணு, உன் குரலைக் கேட்டால் போதும் என்றேன். சரிம்மா என்றான். அன்றையிலிருந்து தெருவில் என்னைக் கப்பல்காரன் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து பேச அவனுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு ஏற்பாடு. கப்பல் ஏதாவது கரையைத் தொட்டால் போனை அடிப்பான். இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுவான். அவன் நலமாகக் கரை சேர்ந்தான் என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதல் மணி அடிக்கும்போதே கடைக்காரம்மா போனுக்கு நீட்டின கையை அந்தரத்தில் நிறுத்திக்கொள்வார். எடுத்துவிட்டால் அவனுக்கு நஷ்டம். இரண்டு அடித்து நின்றுவிட்டால் உடனே படிக்கு வந்து கத்துவார். "ஏட்டீ கப்பல்காரன் அம்மா, ஒன் மவன் கரையில இருக்கான்ட்டீ." அது அவன்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டதற்கு, வெளிநாட்டு மணி நீளமாக அடிக்கும், ஒனக்குக் காது செவிடு என்று சொல்லிவிட்டார். நான் அந்த நாளில் கற்பூரம் வாங்கிக்கொண்டுபோய் உண்மையாகவே ஏற்றுவேன்.

எப்போதாவது பேசவும் பேசுவான். துன்னியா, தூங்கினியா, குளுருதா என்று நான் கேட்பேன். நல்லாக் கீறேன்மா, நீ எப்பிடிக் கீற என்பான். அதற்குள் நேரம் முடிந்துவிடும். அதற்கே நான் ஒரு மாதம் தாங்குவேன்.

கடைசியாக அவன் பேசினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்கு மசாலா வாங்க வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. எப்போதும்போல எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் குரல் அன்றைக்கு மெதுவாக இருந்தது. கத்திப் பேசுடா, கேக்கல என்றேன்.

"யம்மா, பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"இன்னாடா கேள்வி. தெருவே கீது."

தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்.

"அப்பாலிக்கா அடிக்கிறேன்மா," என்றான். வைத்துவிட்டான்.

என்னட்டீ சொன்னான் என்று கடைக்காரம்மா கேட்டார். அப்புறம் பேசுகிறானாம் என்றேன். எதைச் சொல்ல வந்தான் என்று கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பான் என்றார் ஒருவர். உடம்பு சரியில்லை என்றார் ஒருவர். கப்பலை விட்டு இறங்கப் போகிறான் என்றார் இன்னொருவர். நான் மஞ்சள்தூள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த 'அப்பாலிக்கா' என்ற சொல்லில்தான் நான் இன்றைக்குவரை உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, போன் ஆபீஸ்காரர்கள் ஊரில் இருக்கிற நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தார்கள். கடைப் பலகையில் பெயிண்டர் ஏணி வைத்து ஏறி, பழைய நம்பருக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் ஒரு இரண்டை ஒல்லியாக வரைந்ததைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் போதாமல் அது சாய்ந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தும் இருப்பேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவைப் பார்த்தாலும் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று என்று இரண்டு எழுதியிருக்கும். எதைச் சொன்னாலும் தபால்காரர் வந்து சேர்ந்துவிடுவார். நம்பர் மாறினால் வீடு நகர்ந்தா போய்விடும்? போனையும் அப்படித்தான் நினைத்தேன். நான் வாழ்க்கையில் ஒரு நம்பரையும் அடித்தவள் இல்லை. அடிக்க முடியாதபடி அதற்குப் பூட்டு இருந்தது. போன் என்றால் எனக்கு அது வருகிற பொருள்தான்.

பிறகு காலம் மாறின விதம் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு செல்போன் வந்தது. தேய்க்கிறவர் கையிலும் வந்தது, குழாயடிக்கும் வந்தது. யார் பெயரையும் யாரும் கத்த வேண்டியதில்லை. தெரு வாயை மூடிக்கொண்டது. கற்பூரம் வாங்க யாரும் படியேறவில்லை. கடைக்காரம்மாவின் வீட்டுக்காரர் காலமானார். கடற்கரைப் பக்கம் இருந்த என் வீட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பாறையைக் கொண்டுவந்து கொட்டினார்கள், பாறைக்கு அடியிலும் தின்றது. எங்களுக்கு மணலி புதுநகர்ப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். மகளும் மருமகனும் என்னோடு வந்தார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. கம்பெனிப் புகைக்கூண்டு தெரியும். ராவும் பகலும் அதன் உச்சியில் தீ எரிகிறது.

அவன் வந்தாலும் தேடிவர வீடு இல்லை. இருந்ததெல்லாம் அந்த நம்பர்தான். அதனால் வாரத்துக்கு ஒரு தரம் ஷேர் ஆட்டோ பிடித்துக் காலடிப்பேட்டைக்குப் போவேன். கடைக்காரம்மா எனக்கென்று ஒரு தகரடப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பார். நான் கேட்க மாட்டேன். அவராகவே, இல்லட்டீ என்று சொல்லிவிடுவார். பிறகு டீ வரும். பேசிக்கொண்டிருப்போம். அவருக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"ஒன் மவன் வெள்ளக்காரியக் கட்டியிருப்பான். அவகூட நீ இங்கிலீஷ்லதான் சண்ட போடணும், பாத்துக்க."

"வரட்டும். நம்ம பாஷைல நாலு வுட்டன்னா, அவளே தமிழ் கத்துக்குவா."

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்து, சிரிப்பு முடிகிற இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். ஒரு போன் பண்ணக் கை வராதா அவனுக்கு, நான் பெத்தவளா இல்லையா, இனிமே அவன் வந்தாலும் என் முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஏசுவேன். வருஷம் ஏற ஏற ஏச்சும் ஏறியது. மற்ற எதற்கும் பட்டென்று பதில் சொல்கிற கடைக்காரம்மா, அந்த நேரத்தில் மட்டும் பழைய பேப்பரை எடுத்துப் பொட்டலத்துக்குக் கிழிக்க ஆரம்பித்துவிடுவார். கிழித்த காகிதம் தேவைக்கு மேல் குவியும். என் கோபம்தான் எனக்குக் கைத்தடி. அவன் என்னை மறந்துவிட்டான் என்று நினைத்தால் கோபப்படலாம். கோபப்பட்டால் எழுந்து நடக்கலாம், சோறு பொங்கலாம். அப்படித்தான் நடந்தேன்.

போனுக்கு வாடகை வீணாகப் போகிறது, யாரும் பேசுவதில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரம்மாவின் மகன் பல தரம் சொன்னான். என் முன்னாலேயே ஒரு நாள் சொன்னான். கடைக்காரம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அது ஒன் போனுமில்ல, எம் போனுமில்ல. கப்பல்காரன் அம்மா போன். அவ சொல்லட்டும், குடுத்திருவோம்."

அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது அழுதேன். இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று நெஞ்சு நிறைந்து அழுதேன். அந்த அழுகையைக்கூட இப்போது நினைத்தால் எனக்குக் கசக்கிறது.

போன வருஷம் கடைக்காரம்மா போய்விட்டார். சேதி என் மகளின் செல்போனில் எழுத்தாக வந்தது. எத்தனையோ பேருக்குச் சாவுச் சேதியை நடந்துபோய்ச் சொன்னவர். அவர் சாவைச் சொல்ல ஒருத்தரும் நடக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து நான் கடைக்குப் போனேன். இடித்துவிட்டு மாடிக்கட்டடம் கட்டப் போகிறார்களாம். டப்பாக்கள் எல்லாம் தரையில் கிடந்தன. போன் மட்டும் அதே சாக்கின் மேல், துணி மூடி இருந்தது. பட்டன் வைத்த போனாக எப்போதோ மாறியிருந்தது, பூட்டு இல்லை. நான் அவர் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த நம்பரை அப்படியே மணலி புதுநகர் வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கப் போன் ஆபீஸில் சொல், வாடகையை நான் கட்டிக்கொள்கிறேன் என்றேன். அவன் சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவன். என் பெரியவனோடு கோலி விளையாடினவன். அவன் என்னைத் தகரடப்பாவில் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தான்.

"வேணாம் சித்தி. அது வந்தும் பிரயோஜனமில்ல."

ஏன்டா என்றேன்.

"அவனுக்குத் தெரிஞ்சது பழைய நம்பரு. முன்னாடி ரெண்டு போடாத நம்பரு. அத எங்கேர்ந்து அடிச்சாலும் இங்க வராது சித்தி. ரெண்டு சேத்த கொஞ்ச நாள்லயே நின்னுபோச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. எல்லா வூட்லயும் பழசும் புதுசும் போட்டுத்தானேடா கீது என்று கேட்டேன். கதவு வேற, போன் வேற சித்தி என்றான். அப்படியும் நான் விடவில்லை. அவன் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடியும் சொன்னான். மூன்றாவது தரம் சொல்லும்போது புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றான். திருநெல்வேலியிலிருந்து அவர்கள் பெரியப்பா ஒருவர், மாதக்கணக்காகப் போன் போட்டும் கிடைக்காமல் நேரிலேயே கிளம்பி வந்து சண்டை போட்டாராம். அவரிடம் இருந்தது பழைய நம்பர். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு கடைக்காரம்மா, அப்போ கப்பலில் இருக்கிற பிள்ளை என்று கேட்டாராம். அவனுக்கும் அப்படித்தான் என்று இவன் சொன்னதும், அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் அம்மா கல்லாவை மூடிவிட்டுக் கிளம்பிப் போனார், சித்தி, உங்ககிட்டச் சொல்லத்தான் போனார், திரும்பி வந்து, சொல்ல முடியலடா, நீயும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றான்.

அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. கடற்கரை வீட்டில் இருந்தபோது ஒரு மத்தியானம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் சந்துக்குள் நடந்து வந்தார். வாசல் வாசலாகப் பெண்கள் மூச்சைப் பிடித்தார்கள். ஒவ்வொரு வீடாகத் தாண்டி என் வீட்டு முன்னால் நின்றார். என் முன்னால் அரிவாள்மணை, கையில் மீன். அவனா என்று மட்டும் கேட்டேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ. இல்லட்டீ, இல்லட்டீ, சும்மாதான் வந்தேன், வெயிலா இருக்கு, ஒரு சொம்பு தண்ணி குடு என்றார். தண்ணீரை அண்ணாந்து குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது. போய்விட்டார். சாவுச் சேதி இல்லை என்ற சந்தோஷத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரிகளுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் செய்தது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். அத்தனை வருஷம் எனக்காக அந்தப் போனுக்கு வாடகை கட்டினார். அத்தனை வருஷமும் அது வராது என்று தெரிந்துகொண்டே, இல்லட்டீ என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் பிள்ளையை நான் வாய்க்கு வந்தபடி ஏசினபோது, அவன் மேல் தப்பில்லாமலும் இருக்கலாம் என்று தெரிந்த ஒரே ஆள், பேப்பர் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாங்க மாட்டேன் என்று எப்படி முடிவு செய்தார்? புருஷனைக் கரியில் கொடுத்தவள், வீட்டைக் கடலில் கொடுத்தவள். எதைத்தான் நான் தாங்கவில்லை? அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த ஏஜெண்டைத் தேடியிருப்பேன், ஹார்பரில் போய்க் கேட்டிருப்பேன், ஏதோ ஒரு கப்பலில் சேதி சொல்லி விட்டிருப்பேன். ஒன்றும் நடந்திருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் ஓடியிருப்பேன். ஓட எனக்குக் கால் இருந்த காலம் அது. செத்தவரோடு சண்டை போட முடியாது. போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வர நினைத்திருந்தால் நேரில் வந்திருக்க மாட்டானா என்று மகள் கேட்கிறாள். கடை அங்கேயேதானே இருந்தது என்கிறாள். அதையும் நான் நினைக்காமல் இல்லை. வர முடியாத இடத்தில் இருக்கலாம். வர விரும்பாமல் இருக்கலாம். கடலுக்கே போயிருக்கலாம். எது என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி ஒரு மாதிரி உட்காருவேன். முன்னால் எனக்குக் கோபமாவது இருந்தது. இப்போது அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குக் கடையில் நான் கடைக்காரம்மாவின் மகனிடம் ஒன்று கேட்டேன். அந்தப் பழைய நம்பரை உன் செல்லில் போடு, என்ன வருகிறது என்று நான் கேட்கிறேன் என்றேன். வேணாம் சித்தி என்றான். போடு என்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றாக அழுத்தினான். பிள்ளைக்கு மனப்பாடம் ஆனபோதே எனக்கும் மனப்பாடமான நம்பர். என் வாழ்நாளில் அந்த நம்பரை நான் கூப்பிடுவது அதுதான் முதல் தரம். இருவரும் எங்களை அறியாமல் சாக்கின் மேல் இருந்த போனைப் பார்த்தோம். துணி அசையவில்லை. செல்லை என் காதில் வைத்தான். ஒரு பெண்பிள்ளை பேசினாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று தமிழில் சொன்னாள். பிறகு இங்கிலீஷ், பிறகு இந்தி. நல்ல குரல், மரியாதையான பேச்சு. பிறகு கொர்ரென்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதையே சொன்னாள்.

ஏதோ ஒரு துறைமுகத்தில், காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து, என் பிள்ளை இதைக் கேட்டிருக்கலாம். தப்பாகச் சுற்றிவிட்டோம் என்று திரும்பச் சுற்றியிருப்பான். மறுநாள் வந்து சுற்றியிருப்பான். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தெரிந்த நம்பர், அவனுக்குத் தப்பாகத் தெரிய வழியில்லை. இருபத்தொன்று இருபத்திரண்டு வயதுப் பையன் என்னதான் நினைத்திருப்பான்? கடை இல்லை, தெரு இல்லை, அம்மா இல்லை என்று நினைத்திருப்பான். அதற்கப்புறம் ஊருக்குள் பெரிய அலை வந்து, கடலோரத்தையே துடைத்துக்கொண்டு போனதை அவன் எந்த ஊர் டி.வி.யிலாவது பார்த்திருந்தால், சந்தேகமே இருந்திருக்காது.

போன வாரம் மகள் மறுபடியும் ஆரம்பித்தாள். ஆடி அமாவாசை வருகிறதாம். இத்தனை வருஷம் ஆகிவிட்டது, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம், ஆத்மா அலையக் கூடாது என்று அழுதாள். எப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் அவளைக் கடித்துத் துப்புவேன். இந்தத் தரம் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் உயிரோடு இருந்தால், எனக்குச் செய்ய வேண்டியதை எப்போதோ செய்து முடித்திருப்பான். ஏதோ ஒரு கரையில் தலைமயிரை எடுத்துவிட்டு, அம்மா என்று ஒரு முழுக்குப் போட்டு எழுந்து, வேலைக்குப் போயிருப்பான். நான் இங்கே மணலி புதுநகரில், மூன்றாவது மாடியில், குக்கர் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மகள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"செய்யலாம்," என்றேன். "யாருக்குன்னு சொல்லு."

அவளுக்கு அது புரியவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.